ஓட்டக்காரியும் வீட்டுக்காரியும்

மச்சாளுக்கு முன்னால் இரண்டு பொருள்களை வைத்தால் குறைந்ததைத்தான் எடுப்பார். பொரித்த மீனில் வால் பக்கம், பலாப்பழத்தில் வெம்பல் சுளை, கதிரைகளில் கால் ஆடுகிற கதிரை. நல்லதை யாராவது அவர் பக்கம் தள்ளிவிட்டால் காது மடல்வரை சிவந்துபோய், "எனக்கு இது காணும்" என்பார். இரண்டாம் தரம் யாரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் அது எல்லாருக்கும் ஒரு வசதியாகவே ஆகிப்போயிருந்தது.

அவர் என் பெரியண்ணனின் மனைவி. முல்லைத்தீவில் கடற்கரைக்கும் புனித இராயப்பர் கோயிலுக்கும் நடுவில் எங்கள் வீடு. ஐயா விட்டுப்போன வலைகளையும் வள்ளங்களையும் இரண்டு அண்ணன்மாரும் சேர்ந்து பார்த்துவந்தார்கள். கலியாணம் முடித்துச் சில வருஷத்தில் பெரியண்ணன் காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளைகள் இல்லை. மச்சாள் தாய்வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. அம்மா, "நீ எங்க போறாய் பிள்ளை, இஞ்ச இரு" என்றார். அங்கேயே இருந்துவிட்டார். அப்போது அவருக்கு முப்பது இருக்கும். நான் அவரைவிட ஏழெட்டு வயது இளையவள், கலியாணம் பேசிக்கொண்டிருந்த காலம். ஒரே அறையில்தான் படுப்போம்.

ஆகவே மற்றவர்களுக்குத் தெரியாத சிலது எனக்குத் தெரியும்.

ஒரு மத்தியானம் கோயிலுக்குப் பின்னால் இருந்த வெட்டை வெளியில் சின்னண்ணனின் சைக்கிள் ஓடுகிற சத்தம் கேட்டது. சின்னண்ணன் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். நான் எட்டிப் பார்த்தேன். வெள்ளைச் சேலையை முழங்கால்வரை இழுத்துச் செருகிக்கொண்டு மச்சாள் வட்டம் வட்டமாக விட்டுக்கொண்டிருந்தார். விடுகிறார் என்றால் ஏதோ பழகுவதுபோல் இல்லை. சைக்கிள் மணலில் சரியச் சரிய, பல்லைக் கடித்துக்கொண்டு, யாரோ துரத்துகிறமாதிரி. என்னைக் கண்டதும் குதித்தார். சைக்கிள் தன்பாட்டில் போய் வேலியில் விழுந்தது.

"ஆரும் பாத்தினமோ?" என்றார் மூச்சு வாங்க.

"நான் பாத்தனான்."

"நீ பறவாயில்லை. வேற ஆரும்?"

வவுனியா பஸ்ஸில் போகும்போதும் முன் யன்னலோரம்தான் இருப்பார். அது ஒன்றைத்தான் அவர் தானாகக் கேட்டு எடுப்பது. வயிற்றைப் பிரட்டும் என்று காரணம் சொல்வார். நெடுங்கேணி தாண்டிக் காட்டுக்குள் றோட்டு நேரானதும் சாரதி பஸ்ஸை விரட்டுவான். அந்த நேரம் மச்சாளின் முகத்தைப் பார்க்கவேண்டும். பிறகு வளைவு வந்து பஸ் மெதுவானால், "இன்னும் கொஞ்சம் விடலாம்தானே" என்று வாய்க்குள் முணுமுணுப்பார். நான் திரும்பினால் செபமாலையை எடுத்துக்கொள்வார்.

வேகம் அவருக்கு அவ்வளவு பிடிக்கும். பிடிக்கிறது என்று யாருக்கும் தெரிந்துவிடக்கூடாது என்கிற பயம் அதைவிடப் பெரிது.

திருகோணமலைத் துறைமுகத்தை விட்டு வெள்ளைக்காரர் போன காலம் அது. அவர்கள் ஆசைக்கு வைத்திருந்த பாய்ப்படகுகள் கைமாறிக் கைமாறிக் கரை முழுவதும் பரவின. திருகோணமலை வியாபாரி ஒருவர் இரண்டு படகுகளை எங்கள் கரைக்கு விற்கக் கொண்டுவந்தார். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒரே பட்டறையில் ஒரே அச்சில் கட்டியவை. நீளம், அகலம், அடி எல்லாம் ஒன்று. ஆனால் ஒன்றைப் பந்தயம் விடுவதற்கென்று இழைத்திருந்தார்கள். உயர்ந்த பாய்மரம், பெரிய பாய் ஒன்று, முன்னால் சின்னப் பாய் ஒன்று. உள்ளே இருக்கப் பலகைகூட ஒழுங்காக இல்லை. மற்றதன் பாய்மரம் கட்டை. முன்பாதியில் மரத்தால் ஒரு கூடு அடித்து, இரண்டு பேர் நீட்டி நிமிர்ந்து படுக்க இடம் வைத்திருந்தார்கள். சாமான் வைக்கத் தட்டும் இருந்தது. குடும்பத்தோடு ஊர் ஊராகப் போவதற்கு.

கரையில் அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார்கள். ஒன்று ஓட்டக்காரி, மற்றது வீட்டுக்காரி.

எங்களுக்கு ஒரு படகு தேவைப்பட்டது. வருஷா வருஷம் இராயப்பர் திருநாள் முடிந்த கையோடு நாங்கள் சட்டி பானை கோழி குஞ்சோடு தெற்கே நாயாற்றுக்குப் போய், மாரி மழை தொடங்கும்வரை அங்கே வாடி என்கிற ஓலைக்குடிசை போட்டிருப்போம். பெண்களும் சாமானும் போய்வந்த பழைய வள்ளம் உக்கிவிட்டது. புதிதாக வாங்குவது பெரியண்ணனின் பங்கில் என்று பேச்சு. பெரியண்ணனின் பங்கு என்றால் மச்சாளுடையது.

விலை இரண்டுக்கும் ஒன்றுதான். "நீங்கள்தான் சொல்லோணும் மச்சாள்" என்றான் சின்னண்ணன். ஒரு மரியாதைக்குக் கேட்டான். இதில் சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

முதலில் வீட்டுக்காரியில் ஏறிப் பார்த்தோம். அம்மா கூட்டுக்குள் போய்ப் படுத்தார். போய் வரும்வரை எழும்பவே இல்லை. "வீடு மாதிரிக் கிடக்கடா தம்பி. மழை வந்தாலும் நனையாது" என்று அங்கிருந்தபடியே சொன்னார்.

மற்றதையும் பார்க்கத்தானே வேண்டும் என்றார் வியாபாரி. அம்மா மாட்டேன் என்றுவிட்டார். மச்சாளும் பின்னால் ஒதுங்கினார். "உங்கட பங்கில வாங்கிறம். பாக்காமல் எப்பிடி?" என்று சின்னண்ணன் கையைப் பிடித்து ஏற்றினான். துணைக்கு நானும்.

சோளகக் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசிக்கொண்டிருந்தது. பாய் காற்றைப் பிடித்ததும் படகு ஒருபக்கம் சரிந்தது. விளிம்பில் தண்ணீர் ஏறியது. நான் கத்தினேன். சின்னண்ணன் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, "எழும்பி மற்றப் பக்கம் போங்கோ, பாரம் குடுங்கோ!" என்றான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு எனக்குப் பக்கத்தில் யாரோ சிரிப்பது கேட்டது. கண்ணைத் திறந்தால் மச்சாள். முக்காடு விழுந்து, முடி அவிழ்ந்து, உப்புத்தண்ணீர் முகத்தில் அறைய அறைய, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரே அறையில் அத்தனை காலம் படுத்திருக்கிறேன், அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மேல்வாய்ப் பல்லெல்லாம் தெரிந்தது.

திரும்பிக் கரைக்குக் கிட்ட வந்தபோதும் அவரால் அதை அடக்க முடியவில்லை. கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் குனிந்த இடுப்பை நிமிர்த்திப் பார்த்தார்கள். ஒருத்தி, எங்களுக்குக் கேட்கும்படியே சொன்னாள்.

"ஆண்டுத் திவசம் முடிஞ்ச கையோட சிரிப்பு வந்திட்டுது போல."

மச்சாள் சேலையை இழுத்துத் தலையை மூடினார்.

"என்ன மச்சாள், எது?" என்றான் சின்னண்ணன்.

"மற்றது" என்றார் நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "எங்களுக்கு மற்றது காணும் தம்பி."

வீட்டுக்காரியை வாங்கினோம். ஓட்டக்காரியை முள்ளியவளையில் நெல்லுக் குத்தும் மில் வைத்திருந்த முதலாளி ஒருவர் வாங்கிப்போனார். நான் மச்சாளிடம் தனியாகக் கேட்டேன், உண்மையில் எது பிடித்தது என்று. என்னோடு அவர் கோபித்துக்கொண்டது அந்த ஒரு நாள்தான். "விசர்க் கதை கதையாதை. ஓட்டப் படகில ஏறி நான் ஆரை முந்தப்போறன்?" என்றார்.

மில்லுக்காரருக்குக் கடல் தெரியாது. கொக்குத்தொடுவாயில் அவருக்கு வயல் இருந்தது. றோட்டு மோசம் என்று படகில் போய்வர நினைத்தார். அதோடு கொஞ்சம் பவிசும் உண்டு. இராயப்பர் திருநாளுக்குக் கரையில் நடக்கும் பாய்ப்பந்தயத்தில் தன் படகையும் இறக்கினார். ஓட்டுவதற்குப் பழகிய இரண்டு பெடியன்களைப் பிடித்துவிட்டு, சால்வை போட்டுக்கொண்டு தானும் நடுவில் இருந்தார். திரும்புகிற இடத்தில் பாய் மறுபக்கம் அடித்தது. எல்லாரும் பாரம் மாறினார்கள், அவர் மட்டும் மாறவில்லை. ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கப் படகு கவிழ்ந்தது. அவரை வலைக்குள் அகப்பட்ட சுறாவை இழுக்கிறமாதிரித்தான் இழுத்துவந்தார்கள். கரை சிரித்தது. மச்சாள் பந்தயம் பார்க்க வரவில்லை. குசினியில் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்ச் சொன்னதும், "வள்ளத்துக்கு ஒண்டுமில்லையே?" என்றார். பிறகு அவசரமாக, "அவருக்கு?" என்றார்.

இரண்டு நாள் கழித்து மில்லுக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சின்னண்ணன் கடலில். அம்மா பின்வளவில். மச்சாள் தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றார். அவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, இவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தங்கச்சி, கேக்க வெக்கமாக் கிடக்கு" என்று தொடங்கினார். "வீட்டில மனுசி சொல்லுறா இனி அந்தப் படகில கால் வைக்கமாட்டாவாம். எனக்கும்... உங்கட படகு கூடு போட்டது, பொம்பிளையள் பிள்ளையள் இருந்து போகலாம். மாத்துவியளோ எண்டு—"

"ஓம்" என்றார் மச்சாள்.

அவர் சொல்லவந்ததை முடிக்கக்கூட இல்லை. ஒருகணம் முழித்தார். "உங்களுக்குத்தான் நட்டம் தங்கச்சி. உங்களுக்கு அது என்னத்துக்கு உதவும்? ஏமாத்திப்போட்டன் எண்டு பிறகு—"

"இல்லை முதலாளி, உங்களுக்குத்தான் நட்டம். பந்தயப் படகு... நான்தான் உங்களை..." என்று இழுத்தார் மச்சாள்.

இருவரும் திருடர்கள்போல நின்றார்கள். அவர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். மச்சாள் கதவு நிலையைப் பிடித்தபடி, "ஒருத்தருக்கும் சொல்லாதை, நான் சொல்லுறன்" என்றார் என்னிடம். ஆனால் அவர் யாருக்கும் சொல்லவில்லை.

நாயாற்றுக்குப் புறப்படுகிற விடியற்காலை. சாமான்களைச் சுமந்துகொண்டு எல்லாரும் கரைக்கு வந்தால் வீட்டுக்காரி நின்ற இடத்தில், இரவோடு இரவாக மாற்றிக் கட்டிய ஓட்டக்காரி நிற்கிறது. கோழிக்கூடையோடு அம்மா அப்படியே மணலில் இருந்துவிட்டார்.

சின்னண்ணனுக்குக் கதை விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் குரல் உடைந்துபோய்க் கத்தினான்.

"ஆரைக் கேட்டு மாத்தினீங்கள்? இந்த வீட்டில ஆம்பிளையள் இல்லையோ?"

"பிழை என்னிலதான் தம்பி."

"அம்மா எங்க படுக்கிறது? சாமான் எங்க வைக்கிறது? இதென்ன விளையாட்டோ?"

"பிழைதான்."

அம்மா கேட்டார், மெதுவாக. "பிழை எண்டு தெரியுதெல்லோ பிள்ளை? அப்ப போய் மாத்திக்கொண்டு வாவன்."

மச்சாள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கழுத்து, காது, கை எல்லாம் சிவந்திருந்தது. பக்கத்து வள்ளக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"மாட்டன் மாமி" என்றார்.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நாங்கள் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை.

இரண்டு மூன்று நடை விட்டால் சாமான்களையும் ஆட்களையும் ஓட்டக்காரியிலேயே கொண்டுபோயிருக்கலாம். மச்சாள் அதைச் சொல்லவும் செய்தார். சின்னண்ணன் கேட்கவில்லை. "என்ர அம்மா இதில ஏறமாட்டா" என்று சொல்லிவிட்டு மாட்டுவண்டி பிடித்தான். கரையோரப் பாதை. மணல், இடையிடையே வேர், தண்ணீர் வற்றிய வாய்க்கால்கள். ஒரு வாய்க்காலில் சில்லு இறங்கியது. வண்டி சாய்ந்து, சாமான்களோடு அம்மாவும் விழுந்தார்.

இடுப்பெலும்பு. முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் பல கிழமை கிடந்தார். வயது போன எலும்பு, சரியாகப் பொருந்தவில்லை. அதற்குப் பிறகு அம்மா ஒரு கையில் தடியும் மறுகையில் ஒரு தோளும் இல்லாமல் நடந்ததில்லை. அந்தத் தோள் எப்போதும் மச்சாளுடையதுதான்.

வண்டி பிடித்தது சின்னண்ணன் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "வீட்டுக்காரி நிண்டிருந்தா மாமி படுத்தபடி போயிருப்பா. நான்தான் தள்ளி விழுத்தினனான்" என்றார். அதில் அவரை அசைக்க முடியவில்லை.

"வித்துப்போடுங்கோ மச்சாள்" என்றான் சின்னண்ணன். அவர் தலையாட்டினார். வாங்குவதற்கு ஆட்களும் வந்தார்கள். ஒருவரிடம் அடியில் நீர் கசிகிறது என்றார். இன்னொருவரிடம் பாய்மரத்தில் வெடிப்பு என்றார். மூன்றாவதாக வந்தவர் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லையே என்றார். "இருக்கு. உங்களுக்குத் தெரியேல்லை" என்றார் மச்சாள். பிறகு யாரும் வரவில்லை.

அடுத்த வருஷம் அம்மாவை வைக்கோல் பரப்பிய வண்டியில் கிடத்தியும், சாமான்களை ஓட்டக்காரியில் ஏற்றியும் நாயாற்றுக்குப் போனோம். அங்கே ஆண்கள் இரவு முழுவதும் கடலில் கிடந்துவிட்டு மத்தியானத்தில் அடித்துப்போட்டமாதிரித் தூங்குவார்கள். அந்த நேரத்தில் ஓட்டக்காரியை ஏரிபோல் விரிந்த களப்பில் இறக்குவோம். நான் முன் பாய்க் கயிற்றைப் பிடிப்பேன். அவர் சுக்கானில். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எத்தனையோ தரம் கவிழ்ந்து கவிழ்ந்து பழகினார். களப்பின் இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஒரே மூச்சு. நீர்க்காகங்கள் பறக்க நேரமில்லாமல் இருபக்கமும் விலகும். படகு சரிந்து ஓடும்போது அவர் உடம்பை வெளியே எறிந்து, முதுகு தண்ணீரைத் தொடத் தொங்கிக்கொண்டு சிரிப்பார். கரைக்கு வந்ததும் சேலையைப் பிழிந்து, தலையை மூடி, நேரே அம்மாவின் பாயருகே போய் எண்ணெயைச் சூடாக்கி இடுப்புக்கும் தொடைக்கும் தேய்ப்பார். அம்மா ஒன்றும் பேசமாட்டார். ஈரத்தலையை மட்டும் பார்ப்பார்.

அந்தக் காலத்தில்தான் மச்சாள் பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, எடுப்பதை விட்டார்.

முதலில் நான் கவனிக்கவில்லை. பூசையில் எல்லாரும் எழும்பிப் பீடத்தடிக்குப் போகும்போது அவர் கடைசி வாங்கில் முழங்காலில் இருப்பார். ஒரு ஞாயிறு, இரண்டு ஞாயிறு என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். மாதக்கணக்கானது. பிறகு வருஷமும் ஆனது. கேட்டேன்.

"பாவசங்கீர்த்தனத்தில சொன்னனான்" என்றார். "என்ர ஆசைக்காக மாமியின்ர காலைக் கெடுத்துப்போட்டன் எண்டு. சுவாமியார் நல்ல மாதிரித்தான் கேட்டார். செய்ததுக்கு வருந்தி மனஸ்தாபப்படுறியோ எண்டார். ஓம் எண்டன். அப்ப அந்த வள்ளத்தை விட்டிடுவியோ எண்டு கேட்டார். விடமாட்டன் எண்டன். விடமாட்டன் எண்டால் அது என்ன மனஸ்தாபம் எண்டு கேட்டார். எழும்பி வந்திட்டன்."

"விட்டுட்டன் எண்டு சொல்லியிருக்கலாமே?"

"பாவசங்கீர்த்தனத் தொட்டியில பொய் சொல்லுறதோ?" என்று என்னைப் பார்த்தார்.

ஊர் வேறு மாதிரிக் கணக்குப் போட்டது. புருஷன் இல்லாத பெண். நன்மை எடுப்பதில்லை. அப்படியென்றால் விடமுடியாத ஏதோ ஒரு பாவம். மத்தியான நேரத்தில் படகு எடுத்துக்கொண்டு போகிறாள். நாயாற்றுக்குத் தெற்கே யாருடைய வயல் இருக்கிறது? படகு மாற்றினது யாரோடு? மில்லுக்காரரின் காதுக்கு அந்தக் கதை போனதும் பாவம் அந்த மனிதர் கொக்குத்தொடுவாய் வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு எங்கள் பக்கம் தலைகாட்டுவதையே விட்டார். அது கதையை இன்னும் உறுதியாக்கியது. எனக்குப் பேசிக்கொண்டிருந்த ஒரு இடமும் அதனால் தட்டிப்போயிற்று.

நான் பொறுக்கமாட்டாமல் சொன்னேன். "உண்மையைச் சொல்லுங்கோவன் மச்சாள். படகுக்காகத்தான் எண்டு நானே போய்ச் சொல்லுறன்."

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "கும்பிடுறன், சொல்லாதை. ஆம்பிளை எண்டா அவையளுக்கு விளங்கும். ஏசுவினம், பிறகு விட்டிடுவினம். ஒரு மரப்படகுக்காகப் புருசன்ர தாயின்ர காலைக் குடுத்தவள், நன்மையைக் குடுத்தவள் எண்டு சொன்னா... எனக்கே விளங்கேல்லை. நான் ஆரின்ர முகத்தில முழிக்கிறது?" பிடித்த கையை விடாமல், "உன்ர கலியாணத்தையும் குழப்பிப்போட்டன்" என்றார். அழுதார். அடுத்த நாள் மத்தியானம் காற்று எழும்பியதும் என் முகத்தைப் பார்த்தார். நானும் எழுந்து போனேன். எனக்கும் அதற்குள் அது பிடித்துவிட்டிருந்தது.

அம்மாவுக்கும் அந்தக் கதை போயிருக்கவேண்டும். ஒரு நாள் நாங்கள் புறப்படும்போது பாயில் கிடந்தபடி, "என்னையும் ஒருக்கா ஏத்துங்கோ" என்றார்.

மச்சாள் பயந்துபோனார். "வேண்டாம் மாமி, அதில படுக்க வசதி இல்லை."

"வசதி இல்லையெண்டு எனக்குத் தெரியாதோ? ஏத்து."

இருவரும் தூக்கிக்கொண்டுபோய், படுக்கும் பாயை இரண்டாக மடித்துப் படகின் அடியில் போட்டு, சாக்கைச் சுருட்டித் தலைக்கு வைத்துக் கிடத்தினோம். மச்சாள் பாய்மரத்துப் பாயை முழுதாக விரிக்கவில்லை. படகு குளத்தில் அன்னம் மாதிரிப் போனது.

"இதுதானோ?" என்றார் அம்மா.

"ஓம் மாமி."

"பொய் சொல்லாதை. நீ விடுற மாதிரி விடு."

மச்சாள் என்னைப் பார்த்தார். கயிற்றை இழுத்தோம். படகு சரிந்து பாய்ந்தது. தண்ணீர் விளிம்பைத் தாண்டி அம்மாவின் மேல் கொட்டியது. அம்மா யேசுவே, மரியே என்று கத்திக்கொண்டு இரண்டு கையாலும் நடுப்பலகையைக் கட்டிப்பிடித்தார். களப்பின் நடுவில் வாந்தி எடுத்தார். நான் துடைத்துவிட்டேன். நரைத்த முடி நனைந்து நெற்றியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. நடுங்கிக்கொண்டே மச்சாளை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுக்கோடி?" என்றார். "இதுக்கோ என்ர காலைக் குடுத்தனி?"

மச்சாள் சுக்கானை விடவில்லை. முகம் முழுவதும் கண்ணீரும் உப்புத்தண்ணீருமாக இருந்தது.

"ஓம் மாமி" என்றார்.

அம்மாவுக்கு அதில் எந்தச் சந்தோஷமும் இருக்கவில்லை, அதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பயமும் குளிரும்தான். கரைக்கு வரும்வரை கண்ணைத் திறக்கவில்லை. அன்றைக்கு எண்ணெய் தேய்க்கும்போது மட்டும், "இன்னும் கொஞ்சம் கீழ, அங்கதான் நோகுது" என்றார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் மச்சாளோடு அந்தக் காலைப் பற்றிப் பேசியது அதுதான்.

முல்லைத்தீவுக்குத் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து கோயில் வாசலில் அம்மாவைக் கதிரையில் இருத்தி வண்டிக்குக் காத்திருந்தோம். கருவாட்டுக்காரப் பெண் ஒருத்தி வந்து சுகம் கேட்டாள். பிறகு இரக்கப்படுகிறமாதிரி, "பாவம் நீங்கள், மருமோள் உப்பிடி இருக்கேக்குள்ள" என்றாள்.

"எப்பிடி?" என்றார் அம்மா.

"இல்லை, ஊர் கதைக்குது..."

அம்மாவுக்குக் கால்தான் போனது, குரல் போகவில்லை. வாசலில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "அவளுக்கு ஆம்பிளையுமில்லை ஒண்டுமில்லை. படகு. அந்த விசர்ப் படகு. அதை விடமாட்டன் எண்டுதான் நன்மை எடுக்கிறேல்லை. நான் ஏறிப் பாத்தனான், சத்தி எடுத்தனான். என்ர காலும் அதுக்குத்தான் போனது. காணுமோ உனக்கு?"

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். அது பரவியது. சின்னண்ணன்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

மச்சாள் வாசல் தூணோடு நின்றார். அம்மா அவரைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்று அவருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சிரிப்பைத்தான் அவர் இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து அறைக்குள் போனவர் கிழமைக்கணக்கில் படலையைத் தாண்டவில்லை. அந்த வருஷத்துக்குப் பிறகு ஊர்ப் பெடியன்கள் பந்தயத்துக்கு ஓட்டக்காரியை இரவல் கேட்டு வருவார்கள். மரியாதையாகத்தான் கேட்பார்கள். மச்சாள் குசினிக்குள் ஒளிந்துகொண்டு, "இல்லை எண்டு சொல்லு" என்று என்னை அனுப்புவார்.

எனக்குப் பிறகு கண்டாவளையில் கலியாணமாயிற்று. பெரிய வயல்காரக் குடும்பம், கடல் தெரியாதவர்கள். அம்மா இறந்ததற்குப் போனேன். கடைசிவரை அம்மா மச்சாளின் தோளைப் பிடித்தபடியே இருந்ததாகச் சொன்னார்கள். அதற்கு இரண்டு மாரி கழித்து, தென்னங்கிடுகுக்குள் மூடி வைத்திருந்த ஓட்டக்காரியின் அடிப்பலகை முழுவதையும் கறையான் தின்றுவிட்டது என்று செய்தி வந்தது. விறகுக்கும் உதவாது என்று சின்னண்ணன் கரையிலேயே கொளுத்திவிட்டான்.

அடுத்த திருநாளுக்கு முல்லைத்தீவுக்குப் போயிருந்தேன். மச்சாள் என்னோடு கோயிலுக்கு வந்தார். பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். நன்மை நேரத்தில் கடைசி வாங்கிலிருந்து எழும்பினார். நான் மட்டுமல்ல, பல பேர் திரும்பிப் பார்த்தார்கள். எத்தனை வருஷத்துக்குப் பிறகு! பீடத்தடிக்குப் போய், நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டு, கைகூப்பியபடி திரும்பி வந்தார். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. பூசை முடிந்து வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்து, "இப்ப சந்தோசம்தானே மச்சாள்?" என்றேன்.

அவர் சுற்றிலும் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

"வள்ளம் இப்ப இல்லை எண்டு சுவாமியாருக்குச் சொன்னனான்" என்றார். "அப்ப செய்ததுக்கெல்லாம் மனஸ்தாபப்படுறியோ எண்டு கேட்டார். ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

"அதுக்கென்ன?"

"பொய் பிள்ளை" என்றார்.